மருந்து சாப்பிடும் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கியில் புகையே வராமல் சுட முடியுமா?
*(ஊத்துக்கோட்டை வாசகர்)*

முடியும். புகை சுட்டவரிடமிருந்து வரும்! கருமருந்துக்காகச் செய்த குழலில் புகையில்லா மருந்தைக் கெட்டித்தால், அழுத்தம் தாங்காமல் குழலே வெடிக்கும். அமெரிக்காவில் அதற்கென்றே தடித்த எஃகுக் குழலோடு தனித் துப்பாக்கி செய்கிறார்கள்.

அந்த மருந்து நம்மூரில் கிடைக்குமா?

எந்த வியாதிக்கு? நீலகிரி அருவங்காட்டில் 1903-ல் நிறுவிய கார்டைட் தொழிற்சாலை தயாரிக்கிறது. மெடிக்கல் ஷாப்புக்கு சப்ளை இல்லை.

1857-ல் சிப்பாய்கள் தோட்டாவைக் கடிக்க மறுத்தது ஏன்?

கொழுப்பு! தோட்டா உறையில் பசு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சு. கம்பெனிக்காரர்களிடம் இருந்த கொழுப்பு தனிக் கணக்கு. குண்டு என்னவோ கெட்டிக்காரக் குண்டுதான். அடியில் குழிந்த ஈயம், சுட்டதும் விரிந்து குழலின் சுருள்வரையைப் பிடித்துச் சுழன்று போகும். உருண்டை ரவைக்கு அந்தக் குறி வராது.

தாத்தாவின் துப்பாக்கி பரணில் துருப்பிடிக்கிறதே, என்ன செய்ய?

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடுதான். அது ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி எண்ணெய் போட்டிருக்க வேண்டும், தாத்தா மறந்துவிட்டார். போகட்டும், லைசென்ஸ் இருக்கிறதா? இல்லையென்றால் எண்ணெய் வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள்.