வாள் தொலைத்த வீரன்: ஹீமேன் பொம்மைகள் குறித்து ஒரு முன்னாய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளின் உயரம் ஐந்தரை அங்குலம். மஞ்சள் தலைமுடி. குத்தவைக்கப் போனவன் பாதியில் மனம் மாறியது போல ஒரு நிலை. இடுப்பில் ரோம ஜட்டி. அது தவிர மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இடுப்பைத் திருகிப் பிடித்துவிட்டால் வெடுக்கென்று திரும்பி ஒரு குத்து விடும். வலது கை மட்டும் எதையோ பிடித்திருந்த பாவனையில் வளைந்து, வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையே இவ்வாய்வின் பொருள்.

1980களின் கடைசியில் தூர்தர்ஷனில் ஹீமேன் கார்ட்டூன் பார்த்தவர்கள், ஒருவன் வாளை உயர்த்திக் கத்தியதும் பயந்தாங்கொள்ளிப் புலி போர்ப்புலியாக மாறிய காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். படம் பார்த்துத்தான் பொம்மை செய்தார்கள் என்று அன்று நானும் நினைத்தேன். அஃதேல், படம் முந்தியது, பொம்மை பிந்தியது என்பது பொருந்துமோ எனின், பொருந்தாது, என்னை? மேட்டல் நிறுவனம் பொம்மையைக் கடைக்கு அனுப்பியது 1982-இல். ஃபில்மேஷன் நிறுவனம் எடுத்த தொடர் ஒளிபரப்பானது 1983 செப்டம்பரில். மொத்தம் 130 பகுதிகள். நம் ஊரில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவது போல அங்கே பொம்மைக்குக் கதை எழுதினார்கள். படம் வருமுன்பே ஒவ்வொரு அட்டைக்குள்ளும் உள்ளங்கையளவு காமிக்ஸ் ஒன்று வைத்து, ‘இவன் நல்லவன், மண்டையோட்டு முகக்காரன் ஸ்கெலிட்டர் கெட்டவன்’ என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் காரணம் ஒரு பழைய மனத்தாங்கல். ஸ்டார் வார்ஸ் பொம்மை செய்யும் உரிமை தேடி வந்தபோது மேட்டல் வேண்டாம் என்றது. கென்னர் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டு கொழித்தது. பிறகுதான் சொந்தமாக ஒரு வீரன் வேண்டும் என்ற ஞானம் பிறந்தது.

இனி வகைப்பாடு. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பது நம் இலக்கண மரபு. ஹீமேன் முதல்நூல். அவன் உடம்பை அப்படியே வார்த்து நீலச்சாயம் ஏற்றி, ஸ்கெலிட்டரின் மார்புக்கவசத்தை ஆரஞ்சு நிறத்தில் மாட்டினால் ஃபேக்கர் என்ற போலி ஹீமேன், இது வழிநூல். பீஸ்ட்மேன் என்ற இன்னொரு பொம்மையின் அச்சில் வார்த்த உடலில் பச்சைப் பஞ்சுத்தூள் ஒட்டினால் மாஸ்மேன். இதுவும் வழிநூலே, ஆனால் உரையாசிரியர் கொஞ்சம் கைவைத்தது. ஒருவன் தலையையும் இன்னொருவன் கவசத்தையும் சேர்த்துச் செய்தவை சார்புநூல். புலிகூட இரவல்தான். மேட்டலின் முந்தைய பிக் ஜிம் பொம்மைக்குச் செய்த புலிக்குப் பச்சைச்சாயம் பூசி, சேணம் கட்டி அனுப்பினார்கள். பிக் ஜிம் உயரமான ஆள். அதனால்தான் ஹீமேனுக்கு அந்தப் புலி யானை மாதிரி இருக்கிறது.

அடுத்து முதுகெழுத்து. பொம்மையைக் குப்புறக் கவிழ்த்தால் இடுப்புக்கு மேலே பொடி எழுத்தில் நிறுவனப் பெயரும், ஆண்டும், செய்த நாடும் பொறித்திருக்கும். சேகரிப்பாளர்களுக்கு இதுதான் கல்வெட்டு. மலேசியா, தைவான், மெக்சிகோ, ஹாங்காங் என்று ஒவ்வொரு நாட்டு வார்ப்புக்கும் சாயத்தில் ஒரு சாயல், பிளாஸ்டிக்கில் ஒரு மென்மை. புதிதாக வந்தவர்கள் ஆண்டைப் பார்த்து ஏமாறுவார்கள். பல வருடம் கழித்து வந்த பொம்மையின் முதுகிலும் 1981 என்றே இருக்கும். உடல் அச்சு ஒன்றுதானே! தாத்தா வீட்டு அண்டாவில் பொறித்த பெயரை வைத்துப் பேரனுக்கு வயது கணக்கிடுவது போன்ற பிழை இது. இந்தியாவில் லியோ என்ற பெயரில் வந்த வார்ப்புகளை அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். வேறெங்கும் இல்லாத நிறங்களில் அவை வந்ததுதான் காரணம். அன்று என் தெருவில் ‘இது டூப்ளிகேட்டுடா’ என்று நாங்கள் ஒதுக்கிய நிறங்கள் அவை. ஆய்வாளர் இங்கே சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிணக்கூறாய்வு. தொடையிரண்டையும் உடலுக்குள்ளே ரப்பர் ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும். நாற்பது வருடத்தில் ரப்பர் தளர்ந்துவிடுகிறது. தூக்கினால் இரண்டு காலும் நிலைக்கதவில் மாட்டிய மணி போல ஆடும். கால் ஆடாத பொம்மை என்றால் விலை ஏறும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘கொஞ்சம் நடந்து காட்டும்மா’ என்று கேட்ட காலத்தை இது நினைவுபடுத்துகிறது. விற்பவரிடம் நானும் கூச்சமின்றிக் கால் ஆடும் காணொளி கேட்டிருக்கிறேன்.

ஆனால் காலை மன்னித்துவிடலாம். வாளை முடியாது. அட்டை பிரிக்கும்போது ஹீமேனோடு வாள், கோடரி, கேடயம், மார்புப்பட்டை எல்லாம் இருந்தன. அந்த வாளே பாதி வாள்தான். ஒருபக்கம் தட்டையாக வார்த்தது. மறுபாதி ஸ்கெலிட்டரிடம். இரண்டையும் ஒட்டவைத்தால்தான் கிரேஸ்கல் கோட்டைக்குச் சாவி என்பது ஏற்பாடு. நல்லவனிடம் பாதி, கெட்டவனிடம் பாதி, இரண்டும் சோபாவுக்கடியில் என்று முடிந்தது உலகெங்கும் அந்தக் கதை. அதனால் இன்று வாளை மட்டும் தனியே விற்கிறார்கள், புதிதாக வார்த்த போலி வாளையும் விற்கிறார்கள். வீரனை வாங்கிய காசுக்கு நிகராக வாளுக்கும் கேட்கிறார்கள். கொடுக்கிறோம்.

சேகரிப்பில் இடைச்செருகல் உண்டா எனின், உண்டு. பழுப்பு முடி ஹீமேன் ஒருவன் இருக்கிறான். வொண்டர் பிரெட் என்ற ரொட்டிக் கம்பெனிக்கு எழுதிப் போட்டால் தபாலில் வந்தான் என்பது செவிவழிச் செய்தி. பொம்மை கையில் இருக்கிறது, அப்படி ஒரு சலுகை இருந்ததற்குச் சான்றுதான் சிக்கவில்லை. மூலம் கிடைத்து ஆசிரியர் பெயர் கிடைக்காத ஏட்டுச்சுவடி போல. பிற்காலத்தில் மேட்டலே அவனுக்கு வுண்டார் என்று பெயர் சூட்டி ஒரு பொம்மை வெளியிட்டது. வதந்திக்கு ஞானஸ்நானம்!

இந்தப் பொம்மை வரிசை 1986-இல் அமெரிக்காவில் 40 கோடி டாலருக்கு விற்றது, மறு ஆண்டே 70 லட்சத்தில் விழுந்தது என்பார்கள். 1987-இல் டால்ப் லண்ட்கிரன் நடித்த திரைப்படமும் வந்து படுத்துவிட்டது. கடையில் தேங்கியவற்றைத் தள்ளுபடியில் அள்ளிப் போட்டார்கள். அப்போது வாங்கி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அப்போது எனக்கு வயது எட்டு.

இறுதியாக, இன்னொரு மாதிரி. பெயர் ஸ்டிங்கர். 1985-இல் வந்த நாற்றக்கார வில்லன். மெர்மேன் என்ற பொம்மையின் தலைக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம், மெக்கானெக் என்ற பொம்மையின் கவசம், சுத்தமான சார்புநூல். கார்ட்டூனை எடுத்தவர்கள் இவனை உள்ளேயே விடவில்லை. 130 பகுதியில் ஒன்றிலும் தலைகாட்டாத பாத்திரத்தின் பொம்மையைக் கார்ட்டூன் நினைவாகச் சேர்க்கிறேன் என்பதை நெறியாளர் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவன் நாறுவதற்காகப் பிளாஸ்டிக்கிலேயே பச்சூலி எண்ணெயைக் கலந்து வார்த்தார்கள். அதனால் இன்றும் நாறுகிறான். பச்சூலி என்ற சொல் தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே எழுதிவைத்திருக்கின்றன. ஆகக் கலிபோர்னியாவில் ஒரு வில்லனை நாறவைக்கக் கடைசியில் ஒரு தமிழ்ச்சொல்தான் உதவியிருக்கிறது. பெருமைப்படுவதா என்பதில் அறிஞர்களிடையே, அதாவது எனக்கும் என் மனைவிக்கும் இடையே, கருத்து வேறுபாடு உண்டு.

மாமா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது இவனைச் சட்டைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தான். பிரித்ததும் கூடமெல்லாம் வாசனை. அம்மா சமையலறையிலிருந்து வந்து, வாங்கி மூக்கருகே பிடித்தாள்.

“இது நாத்தமாடா? அந்தக் காலத்துச் சால்வை வாசனைன்னா இது. பூச்சி அண்டாது.”

பச்சூலி இலையை அந்நாளில் சால்வைகளுக்கு நடுவே பூச்சிக்காகத்தான் வைத்தார்கள் என்பது உண்மை. அம்மா எந்த அகராதியும் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து பட்டுப்புடவை அடுக்கில் இவனைப் படுக்கவைத்தாள். போன மாதம் படம் எடுக்கவேண்டும் என்று கேட்டேன். “இருக்கட்டும், கூறைப்புடவைக்குக் காவலா இருக்கான்” என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆகவே இந்த மாதிரி தற்போது ஆய்வாளரின் பார்வைக்குக் கிடைப்பதில்லை.