கரிச்சித்திர மீமாம்சை

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துக் கரியால் உருவம் எழுதப் பழகும் வித்தைக்கு நம் பண்டிதர்கள் பாஷ்யம் எதுவும் செய்யாமல் விட்டது, அடுப்பங்கரையில் கிடக்கும் வஸ்துவைச் சாஸ்திர விஷயமாகக் கொள்வது தங்கள் கௌரவத்துக்குக் குறைவென்று அவர்கள் எண்ணியதனால்தான் என ஊகிக்க இடமுண்டு. அக்குறையை இயன்ற அளவு நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். இதற்கு அதிகாரி யாரெனில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டார் எவரும் கடைக்குப் போகச் சொல்லாதபடி முகத்தில் சிரத்தையை வரவழைத்துக்கொள்ள வல்லவர் எவரோ அவர். விஷயம், பெரும்பாலும் தாத்தா.

கரி இருவகைப்படும். வில்லோ மரக் குச்சியையோ திராட்சைக் கொடியையோ காற்றுப் புகாத கலத்தில் இட்டுச் சுட்டெடுப்பது ஒன்று. கரித்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது மற்றொன்று. முன்னது ஊதினால் பறந்துவிடும் சாத்துவிக குணம் உடையது. பின்னது பற்றிய இடத்தை எளிதில் விடாத தாமச குணம் உடையது. தாள் சற்றே சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். வழவழப்பான தாளில் இரண்டும் நிற்பதில்லை. அழிப்பதற்கோ, 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில விஞ்ஞானி ரப்பரின் மகிமையை எழுதி வைப்பதற்கு முன்னர், ரொட்டியின் உட்பகுதியைப் பிசைந்து ஒற்றியெடுப்பதே ஐரோப்பிய ஓவியர்களின் வழக்கமாக இருந்தது. ரொட்டி உண்ணும் தேசங்களில் கரிச்சித்திரம் ஓங்கி வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமா என்பது ஆராயத்தக்கது. இட்லியைக் கொண்டு கரியை அழிக்க இயலாது என்பது மட்டும் நிச்சயம்.

இனி மதபேதங்களைக் கவனிப்போம். முதலாவதாக வருபவர் நேத்திரவாதிகள். முகத்துக்குப் பிரதானம் கண்ணே என்று துணிந்து, இடது கண்ணின் இமைமயிரை ஒவ்வொன்றாக எழுதி முடித்து, அந்தச் சந்தோஷத்திலேயே வலது கண்ணையும் முடித்து, மூக்கு, மோவாய் எனப் படிப்படியாக இறங்கிக் காதை அடையும்போது தாள் தீர்ந்துவிட்டதைக் காண்பவர்கள் இவர்கள். விழியின் வெள்ளை வெள்ளையே என்பது இவர்களுடைய அசைக்க முடியாத கொள்கையாதலால் அவ்விடத்தில் கரியே படவிடார். தாத்தாவோ பேயைக் கண்டவர் போல் விழிப்பார். மேலிமையின் நிழல் விழுவதனால் விழிவெள்ளை புகைப்படத்தில் சாம்பல் நிறமாகவே பதிந்திருக்கிறது. கண்ணெதிரே இருப்பதைக் காணவொட்டாமல், முன்பே அறிந்தது குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

அடுத்தவர் சதுரவாதிகள். படத்தின்மீது கட்டம் போட்டு, தாளின்மீதும் அதே விகிதத்தில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்து எழுதுவது இவர்கள் சம்பிரதாயம். இதன் பூர்விகம் எகிப்து வரை செல்லும். சென்னை மவுண்ட் ரோட்டில் சினிமா நட்சத்திரங்களின் முகத்தை மாடியுயரத்துக்கு எழுப்பிய பானர் ஓவியர்களும், கையகலக் கறுப்பு வெள்ளை ஸ்டில்லிலிருந்து இம்மார்க்கத்தாலேயே சித்தி பெற்றார்கள். ஆகையால் இதை இகழ்வது தகாது. ஆனால் மூக்கு எங்கே இருக்கிறது என்று கட்டம் சொல்லுமே அல்லாது, அதன் பக்கத்து நிழல் எவ்வளவு கறுப்பு என்று சொல்லாது.

மூன்றாமவர் தமோவாதிகள், என் பட்சபாதம் இவர்களிடத்தில் என்பதை மறைப்பதற்கில்லை. இவர்கள் தாள் முழுவதும் கரியைப் பூசிச் சாம்பலாக்கிவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, இது யார் என்பதை அறவே மறந்து, இருள் எங்கே திரண்டிருக்கிறது என்பதொன்றையே நோக்கி, அங்கே கரியைக் கூட்டி, ஒளி வேண்டிய இடத்தில் ரப்பரால் ஒற்றியெடுப்பவர்கள். நல்ல தாளை ஏன் அழுக்காக்கினீர்கள் என்னும் ஆட்சேபம் சமையலறையிலிருந்து எழுவதுண்டு. அதற்குச் சமாதானம் அரைமணி நேரத்தில் தாத்தாவின் நெற்றி தானாகத் தோன்றிச் சொல்லும். ஒரே எச்சரிக்கை விரலைப் பற்றியது. விஷ்ணுதர்மோத்தர புராணத்துச் சித்திரசூத்திரம் நிழலிடும் வகையை இலை போன்ற கோடு, மிக நுண்ணிய கோடு, புள்ளி என மூன்றாக வகுக்கிறது. விரலால் தேய்த்தல் அதில் இல்லை. தேய்க்கத் தேய்க்க முகம் முழுவதும் ஒரே புகையாகிவிடும் என்பதை அனுபவித்தவர் இந்த மௌனத்தின் பொருளை உணர்வர்.

புகைப்படம் நிறங்களை நீக்கித் தருவதால் மாணாக்கனுக்குப் பாதி வேலை மிச்சம் என்றும், அது அசையாது, காப்பி கேட்காது, என் மூக்கு இவ்வளவு பெரிதா என்று வினவாது என்றும் அதனைப் பரம குருவாகக் கொள்வார் உளர். இக்குருவின் வாக்கு எவ்வளவு தூரம் பிரமாணம் என்று பார்க்க வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகள் சிவப்பை உணராதவை. ஆகவே குங்குமமும் வெற்றிலைச் சிவப்பேறிய உதடும் கரிய நிறமாகவே விழுந்தன, நீலவானம் வெறும் வெள்ளையாயிற்று. 1906-இல் இங்கிலாந்தில் ராட்டன் அண்டு வெய்ன்ரைட் கம்பெனியார் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை விற்கத் தொடங்கிய பின்னரும் பழைய வகை நெடுநாள் புழங்கியது. 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, தம் காகித நெகட்டிவில் வானம் வெறிச்சென்று இருப்பதைச் சகியாமல், மேகங்களைத் தூரிகையால் தாமே தீட்டிச் சேர்த்தார். அப்படத்தைப் பார்த்து மேகம் எழுதுகிற மாணாக்கன், இயற்கையை எழுதுவதாக எண்ணி வேறோர் ஓவியரை நகல் செய்கிறான். ஸ்டூடியோக்காரர்களும் நெகட்டிவின்மீது பென்சிலால் தொட்டுத் தாத்தாவின் சுருக்கங்களைத் தீர்த்துவைத்தவர்களே.

இன்னுமொன்று: பளபளப்பான புகைப்படத் தாளின் கறுப்பு, கரியின் கறுப்பைவிட ஆழமானது. அதை எட்டிப் பிடிக்க முயன்று குடுமியிலேயே கரியனைத்தையும் செலவழித்தவனுக்கு, மூக்குத் துவாரத்துக்கு வைக்க வேறு இருள் மிஞ்சுவதில்லை. ஆகவே மிகக் கறுப்பான இடம் எது என்பதை முதலில் நிச்சயித்து, மற்றவற்றை அதற்குக் கீழே வரிசைப்படுத்துவதே சித்தாந்தம்.

கண்ணாடிக் கூரை ஸ்டூடியோவில், ஒரு பக்கத்து வெளிச்சத்தில், பென்சில் தொடாமல் எடுத்த படமே பயிற்சிக்கு உத்தமம். அத்தகைய தாத்தாக்களை வைத்திருக்கும் அன்பர்கள் சில நாள் இரவல் தந்துதவும்படி வேண்டுகிறேன். கையைக் கழுவிய பிறகே தொடுவதாக உறுதி கூறுகிறேன்.