மாடு போட்ட சர்க்யூட்

கன்னடியன் கால்வாயை டிசைன் செய்தது ஒரு பசுமாடு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேரள ராசாவுக்குத் தீராத நோய். அதை ஒரு பொன் பதுமையில் ஏற்றி, யார் தலையிலாவது தானமாகக் கட்டிவிடப் பார்த்தார். சிக்கியவர் ஒரு கன்னடத்துப் பிரம்மச்சாரி. கிடைத்த செல்வத்தை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க நினைத்து, அகத்தியரிடம் யோசனை கேட்கப் பொதிகை மலை ஏறினார். போகிற வழியில் பொன் மூட்டையை அம்பாசமுத்திரம் கோயில் அர்ச்சகரிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்து அவிழ்த்தால் உள்ளே பருப்பு! பொய்ச்சத்தியம் செய்த அர்ச்சகர் எரிந்து சாம்பலானார் என்று கதை போகிறது. ஆன்லைனில் அசல் ரெகுலேட்டர் என்று வாங்கிப் போலியைப் பிரித்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். இந்தக் காலத்தில் விற்றவன் எரிவதில்லை, வாங்கிய சிப்தான் எரிகிறது.

அகத்தியர் சொன்ன யோசனை சுருக்கமானது. ஒரு பசுவின் பின்னால் போ. அது நடந்த வழியில் கால்வாய் வெட்டு, மூத்திரம் பெய்த இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் தோண்டு. ஊருக்கு ஊர் விவரம் கொஞ்சம் மாறும். மாடு மாறாது.

கதை கிடக்கட்டும், அந்த மாட்டுக்கு நம் பிசிபி டிசைனர்கள் பலரைவிட விவரம் அதிகம். கால்வாய் நெடுக, வயலை ஒட்டி ஒட்டிப் படுத்திருக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்தாலும் பக்கத்துக் குளம் கைகொடுக்கும். போர்டில் அந்தக் குளத்துக்குப் பேர் கப்பாசிட்டர். நம் ஆள் அழகு கெடக் கூடாதென்று எல்லாக் கப்பாசிட்டரையும் ஒரு மூலையில் வரிசையாக நிறுத்தி, அங்கிருந்து தலைமுடி கனத்தில் ஒரு தடம் இழுத்து மைக்ரோகன்ட்ரோலருக்கு அனுப்புவார்.

பிறகு நடப்பது பிசானப் பருவத்துத் தண்ணீர்ப் பஞ்சாயத்து. இஎஸ்பி32 என்கிற வைஃபை சிப் சும்மா இருக்கும்வரை சாது. வைஃபை விழித்ததும் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி, கண் இமைக்கும் நேரத்துக்கு அரை ஆம்பியர் வரை இழுக்கும். 3.3 வோல்ட் சரியும், சிப் ரீசெட் ஆகும், எழுந்ததும் மறுபடி வைஃபையைத் தட்டும், மறுபடி விழும்.

"அண்ணாச்சி, மீட்டர்ல 3.3 சரியா காட்டுதே?"

"எங்க வச்சுப் பாத்தே?"

"ரெகுலேட்டர் கால்ல."

"தலைமதகுல தண்ணி எப்பவும் நெறையத்தாம்லே போகும். கடைமடைக்கு வந்து பாரு."

கடைமடையில் வைத்தாலும் மல்டிமீட்டர் சராசரியைத்தான் சொல்லும், நொடிப் பள்ளம் அதன் கண்ணில் படாது. ஆசிலாஸ்கோப்பின் முனையைச் சிப்பின் காலிலேயே வைத்து, வோல்டேஜ் இறங்கும்போது பிடிக்கும்படி ட்ரிகர் வைத்தால்தான் குட்டு உடையும். மருந்தும் பெரிதாக இல்லை: தடத்தை அகலமாக்கு, ஒவ்வொரு பவர் காலையும் ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட், பக்கத்தில் பெரிய குளமாக ஒரு 100 மைக்ரோஃபாரட்.

இன்னொரு கூட்டம் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியை ஏஎம்எஸ்1117-க்குக் கொடுத்து 3.3 கேட்கும். அந்த ரெகுலேட்டருக்குத் தரகு மட்டுமே ஏறத்தாழ ஒரு வோல்ட்; மிச்சம் 3.3-ஐ எட்டாது. பாபநாசம் அணைக்கு 143 அடி என்று பெருமை பேசலாம். தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டால் 1944-இல் கட்டிய மின்நிலையம் என்ன செய்யும்?

சிப் பாவம், மறைப்பதில்லை. வோல்டேஜ் போதவில்லை, பிரவுன்-அவுட் என்று சீரியல் மானிட்டரில் தானே எழுதிக் கதறுகிறது. அதைப் படித்த பலர் உடனே கோடில் ஒரு வரி சேர்த்து அந்த எச்சரிக்கையையே அணைத்துவிடுகிறார்கள். கடைமடைக்காரரின் மனு கோப்பில் ஏறி, கோப்பும் மூடியாயிற்று. வயலுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை.