மழைக்கோழியும் மயிற்போர்வையும்: பெடாஸ் வட்டாரக் குளிர் நீக்கவியலுக்கு ஒரு முன்னுரை

குளிர் மூவகைப்படும்: பனிக்குளிர், மழைக்குளிர், கருத்தரங்கக் குளிர். பனிக்குளிர் பெடாஸ் அமைந்த நெகிரி செம்பிலானில் இல்லை. கருத்தரங்கக் குளிர் இறுதியில் கூறப்படும். எஞ்சிய மழைக்குளிராவது, விடிய விடியப் பெய்து பால்மரப் பட்டை நனைந்து, பெரட்டுக்குப் போனவர்கள் கத்தியோடு லயத்துக்குத் திரும்பும் நாளில் தோன்றுவது. அன்றும் வெப்பமானி ஏறக்குறைய 23 டிகிரி காட்டும். ஆயினும் குளிர் குளிரே என்க.

இனி, குளிர் தாங்கும் பறவைகள் நான்கு.

தகைவிலான்: தாங்குவதில்லை, வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பி வந்து மலேசிய மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்துவிடும்.

கூகை: செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிப்பதற்காக இதற்கு நிர்வாகமே பெட்டி வைத்துக் கொடுக்கிறது. குவாட்டர்ஸ் கிடைத்தவரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை.

மயில்: பெடாஸ் லயத்தில் மயில் கிடையாது. ஆகவே இதைப் பற்றியே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த செய்தி சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. மயில் போர்வை கேட்டதா என்பது முதல் வினா. கேட்டது, அகவியதே விண்ணப்பம் என்பார் ஒரு சாரார். கேளாமல் கொடுப்பதே கொடை என்பார் மறுசாரார். போர்வை திரும்பி வந்ததா என்று வினவுவார் மூன்றாம் சாரார். இவர்கள் பெரும்பாலும் நூலகப் பொறுப்பாளர்கள். போர்வையின் நீளம் குறித்துச் 'சாய்ப்போரச் சிற்றுரை' மௌனம் சாதிக்கிறது. அம்மௌனத்தை 'அடுப்படிப் பேருரை' நாற்பது பக்கங்களில் விளக்குகிறது. அந்நாற்பதையும் மறுத்தெழுந்த 'கோழிக்கூட்டுக் கண்டனம்' மண்ணெண்ணெய் சிந்தியதால் இரண்டரைப் பக்கமே எஞ்சியது. அவ்வரைப் பக்கம் யாருடையது என்பதில் இரு பேராசிரியர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கோழி: இதன் வெப்பத்துக்கு இரு காரணங்கள் கற்பிக்கப்படுவதுண்டு. மலாயில் பெடாஸ் என்றால் காரம். ஆகவே ஊர்ப்பெயரே கோழிக்குச் சூடேற்றும் என்பது ஒன்று. அது பொருந்தாது. மிளகாயின் எரிச்சலைப் பறவையின் நரம்பு உணர்வதில்லை. சிலி பாடியைக் கொத்திவிட்டுத் தண்ணீர் தேடாமல் போகும் கோழியே சான்று. ஊரிலுள்ள வெந்நீர் ஊற்று காரணம் என்பது மற்றொன்று. ஊற்றில் இறங்கிய கோழியைக் கண்டவர் இலர்.

உண்மையில் நடப்பது சாய்ப்பின் கீழ் நடக்கிறது. கோழி உடலைச் சிலிர்த்து இருமடங்காகிறது. இறகுகளுக்கிடையே சிக்கிய காற்று, 41 டிகிரி அளவிலான உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் தொட்டு முன்பே இறகில் பூசியிருப்பதால் தூறல் உருண்டோடுகிறது. ஒரு காலை அடிவயிற்று இறகுக்குள் செருகிக்கொள்கிறது. ஊன்றிய காலில் தமனியும் சிரையும் ஒட்டியே ஓடுவதால், இறங்கும் சூட்டு ரத்தம் ஏறிவரும் குளிர்ந்த ரத்தத்தை வழியிலேயே வெதுவெதுப்பாக்கிவிடுகிறது. அலகு முதுகிறகில் புதைகிறது. குஞ்சுகளுக்குத் தாயின் இறக்கை. மயிலுக்கும் இதே ஏற்பாடு உண்டு. எனவே போர்வை அதற்குத் தேவைப்பட்டிருக்காது.

கருத்தரங்கக் குளிர்: ஏர்கோன் அரங்கில் மயிற்போர்வை பற்றிக் கட்டுரை வாசிப்போரைத் தாக்குவது. இவர்களுக்குச் சிலிர்க்க இறகில்லை, பூச எண்ணெய்ச் சுரப்பியில்லை, ஒற்றைக்காலில் நின்றால் தலைவர் மணியடிப்பார். இக்குறையை நீக்கவே வாசித்து முடித்ததும் பொன்னாடை போர்த்தப்படுகிறது. பேகனின் கொடை இவ்வாறு உரியவரைச் சென்றடைகிறது.