திருகு மேலிருந்து கையை எடு, மாப்ளே

மாப்ளே, நீ மெழுகுச் சிலிண்டர்லேர்ந்து எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புன பாட்டைக் கேட்டோம். பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னு உங்க அத்தைக்கும் எனக்கும் ராத்திரி பூரா வழக்கு. "சிலிண்டர் டப்பாவுல படம் போட்டிருக்கு மாமா, அந்த ஆளுதான் பாடுறார்"னு நீ சொன்னே பாரு, அதுக்கப்புறம்தான் நாங்க சிரிச்சுக்கிட்டே படுத்தோம். அது எடிசன்டா! அவர் கம்பெனி டப்பாவுல அவர் படம்தான் இருக்கும். பாவம், காது மந்தமான மனுஷன். அவரைப் போய்ப் பாட்டுக்காரர் ஆக்கிட்டியே.

நியூஜெர்சியில ஏலம் கேட்டு எடிசன் ஸ்டாண்டர்டு போனோகிராஃப் பெட்டியைத் தூக்கிட்டு வந்த நாள்லேர்ந்து வேகத் திருகைத் திருகிக்கிட்டே இருக்கியாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான். அந்தத் திருகு என்ன பாவம் பண்ணுச்சு? யாரு காலத்துலயோ ஊத்துன எண்ணெய் உள்ளே பிசினா உறைஞ்சு கிடக்கும். அதைத் துடைக்கணும்னா உடம்பு வளையணும். திருகுறதுக்கு ரெண்டு விரல் போதும், அதான் உனக்கு அது பிடிச்சிருக்கு.

மேல்தட்டைத் தூக்கி உள்ளே பாரு. ஒரு சின்ன அச்சைச் சுத்தி மூணு குண்டு, ஒவ்வொண்ணும் மெல்லிசான தகட்டு ஸ்பிரிங்குல நிக்கும். அதுதான் கவர்னர். அச்சு வேகமெடுத்தா குண்டு வெளியே விரியும். விரியிற விரிசல்ல ஒரு வட்டத்தகட்டை இழுக்கும். தகடு ஒரு தோல்துண்டுல போய் உரசும். உரசலுக்கு வேகம் மட்டுப்படும். உன் திருகு அந்தத் தோல்துண்டை முன்னபின்ன நகத்துது, அவ்வளவுதான் அதுக்கு உத்தியோகம். தோல் வறண்டு கட்டையாப் போயிருந்தா ஒரு சொட்டு மெல்லிசான எண்ணெய் விடு. தகட்டு ஸ்பிரிங் ஒண்ணு ஒடிஞ்சிருந்தா குரல் அலையும், ஆயுசுக்கும் திருகினாலும் அடங்காது. பெல்ட்டையும் பாரு. எண்ணெய்க் கையோட தடவியிருப்பே, வழுக்கும்.

இதெல்லாம் ஆச்சா? இப்ப எண்ணு. போன்ல செயலி இருக்கு மாமான்னு ஆரம்பிக்காதே. விரல் நீளத்துக்கு ஒரு காகிதம் கிழி. சிலிண்டரை மாட்டும்போது ஒரு முனையை அதுக்கடியில செருகு, மறுமுனை வெளியே துருத்திக்கிட்டு நிக்கட்டும். ஊசியை இறக்கிப் பாட விட்டு, காகிதம் வந்து தட்டுற இடத்துல ஆள்காட்டி விரலை நீட்டு. 15 விநாடிக்கு 40 தட்டு விழுந்தா நிமிஷத்துக்கு 160 சுத்து, சரி. 38 விழுந்தா 152, குரல் கொஞ்சம் இறங்கித்தான் கேக்கும். ஊசி படாமச் சும்மா சுத்த விட்டு எண்ணாதே. ஊசியோட இழுவையையும் சேத்துச் சுமக்கிறப்போ என்ன வேகம்னுதான் நமக்குத் தெரியணும். முழுசாச் சாவி கொடுத்ததும் ஒரு தடவை, பாட்டு முடியப்போற நேரத்துல ஒரு தடவை எண்ணு. ரெண்டும் ஒத்துப் போகலேன்னா உன் கை தன்னால திருகுக்குப் போகும். கையைக் கட்டு. பெரிய ஸ்பிரிங் இருக்கிற உருளைக்குள்ள கிரீஸ் இறுகிப் போயிருக்கலாம். அதை நீ திறந்துடாதே, சுருள் தெறிச்சா விரல் போயிடும். கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிற உனக்குப் பத்து விரலும் வேணும். தொழில் தெரிஞ்சவன்கிட்ட கொடு.

நாலு நிமிஷச் சிலிண்டர்னா மெதுவாச் சுத்தணும்னு நீயாவே ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கே. என்ன மூளை! 1908-ல வந்த ஆம்பரால், 1912-ல வந்த நீல ஆம்பரால், எல்லாமே 160-தான். ஒரு அங்குலத்துக்கு 100 வரி இருந்த இடத்துல 200 வரியை நெருக்கிப் போட்டான், நேரம் இரட்டிச்சுது. அதுக்குத் தனிப் பல்சக்கரமும் தனி ஊசியும் வேணும். ரெண்டு நிமிஷ ஊசியை அது மேல வச்சே, வரியை உழுதுடும்.

வில்லங்கம் எல்லாம் உன்னோடது மாதிரிப் பழுப்பு மெழுகுச் சிலிண்டர்லதான். 1902-ல அச்சுல வார்த்த கருப்புச் சிலிண்டரோட 160 நிலைச்சுது. அதுக்கு முன்னாடி 120, 125, 144-ன்னு அவனவன் இஷ்டம். வீட்டுல பதிஞ்சவனைக் கேக்கவே வேணாம், இன்னும் ரெண்டு அடி பாட்டு கொள்ளட்டும்னு மெதுவா ஓட விட்டிருப்பான். 120-ல பதிஞ்சதை நீ 160-ல ஓட்டினா, ச பாடினது சுத்த மத்தியமமாக் கேக்கும். எங்களுக்கு வழக்கு வந்தது இப்படித்தான். அங்கே காகிதச் சீட்டு உதவாது, காதுதான் உதவும். பாட்டுக்கு முன்னே ஒருத்தன் பாட்டுப் பேர், பாடகன் பேர், கம்பெனி பேரெல்லாம் கூவுவான். அவன் பேச்சு மனுஷப் பேச்சா இருக்கான்னு கேளு. கத்திச் சொல்லுறதால குரல் கொஞ்சம் உச்சத்துலதான் நிக்கும், அதையும் கழிச்சுக்கோ.

பெர்லின்காரங்க விவரமானவங்க. 1900-ல கார்ல் ஸ்டும்ஃப் அங்கே ஒலிக் காப்பகம் தொடங்கினார். ஊர் ஊராப் போய்ப் பாட்டுப் பதியிறவங்க கையில சுருதிக்குழல் ஒண்ணைக் கொடுத்து, பதிவுல அதையும் ஊதிடச் சொன்னாங்க. பின்னால கேக்கிறவன் அந்தச் சுருதிக்கு வேகத்தைச் சேத்துக்கலாம். உன் சிலிண்டர்ல அப்படி யாரும் ஊதி வைக்கல.

அதுக்காகச் சுருதி தேடுறேன்னு பழுப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிடாதே. ஒவ்வொரு தடவையும் ஊசி மெழுகைச் சுரண்டிக்கிட்டுத்தான் போகும். எடுக்கும்போதும் மேல தொடாதே, ரெண்டு விரலை உள்ளே விட்டு விரிச்சுத் தூக்கு. சாண்டா பார்பராவில இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஆயிரக்கணக்கான சிலிண்டரைப் பாரம் ஏத்தாம எடுக்கிற தனிக் கருவியில ஓட்டிப் பதிஞ்சு வச்சிருக்காங்க. அந்த மாதிரிக் கருவி வச்சிருக்கிறவங்ககிட்ட உன் பழுப்பைக் கொடுத்து ஒரே தடவை ஓட்டிப் பதிஞ்சு வாங்கு. அப்புறம் கம்ப்யூட்டர்ல வேகத்தைக் கூட்டு, குறை, விடியுற வரைக்கும் திருகு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.