செவ்வெழுத்தியல்: படிவத்துப் பிழைச்செய்திகளுக்கு ஓர் உரை

ஆய்வுக் களம், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டர். கருவிகள்: கணினி இரண்டு, ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்று, சுழலாத மேசை விசிறி ஒன்று. மூலநூல்: ஒரு சான்றிதழுக்கான இணைய விண்ணப்பம். ஆய்வாளர், அதாவது அடியேன், அங்கே போனது சான்றிதழ் வாங்கத்தான். இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார வைக்கப்பட்ட பிறகு அது ஆய்வாகிவிட்டது. அந்நேரத்தில் திரையில் தோன்றிய சிவப்பு வரிகள் 17. அவற்றுள் 11 ஒரே வரி.

இந்தச் சிவப்பு வரியைச் ‘செவ்வெழுத்து’ என்று இக்கட்டுரை வழங்கும். படிவம் நிரப்புவோர் தந்ததை ஏற்கமாட்டாத பொறி தன் மறுப்பைத் தெரிவிக்கும் வாக்கியம் செவ்வெழுத்து எனப்படும். அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்கள் உண்டாதலால், நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்தக் கூடாது என்று 2008இல் வந்த இணைய அணுகல் நெறிமுறை விதித்திருக்கிறது. ஆயினும் உலக வழக்கு சிவப்பே. செய்யுள் வழக்கு இன்னும் ஏற்படவில்லை.

செவ்வெழுத்தின் காலத்தைக் கணிக்கக் கல்வெட்டுத் தேட வேண்டாம். 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையில் படிவம் உண்டு. ‘இதைக் கட்டாயம் நிரப்பு’ என்று சொல்லும் வழி அதில் இல்லை. அந்த வழி எச்டிஎம்எல்5 வாயிலாக 2014இல்தான் முறைப்படி ஏறியது. இடைப்பட்ட காலமெல்லாம் நிரலாளர்கள் நம்மைத் தம் கைப்படவே திட்டி வந்தார்கள். நடுவில் ஃபிரேம்வொர்க் எனப்படும் ஆயத்தச் சட்டகங்கள் வந்தன: 2004இல் ரெயில்ஸ், 2005இல் ஜாங்கோ. திட்டு மொத்த வியாபாரமானது அப்போதுதான்.

ஜாங்கோ என்ற பெயரில் ஒரு முரண் உண்டு. கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக வைத்த பெயர் அது. 1928இல் நேர்ந்த தீவிபத்தில் அவருடைய இடக்கை விரல்களில் இரண்டு முடங்கிப்போயின. எஞ்சிய இரண்டு விரல்களைக் கொண்டே பெரும்பாலும் தனிவாசிப்பு வாசித்துப் புகழ் பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய சட்டகமோ, ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட ‘இந்தக் கட்டம் கட்டாயம்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

இனி அளவுகோல். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் கேட்டுக்கொள்ள நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு வரக் கூடாத குற்றங்கள் பத்து என்று பாயிரத்திலேயே எண்ணித் தந்துவிட்டார். முனிவர் ஆன்லைனில் எதற்கும் விண்ணப்பித்தவர் அல்லர். ஆனாலும் அந்தப் பத்தைப் பிரவுசிங் சென்டர் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் வருகிறது. செவ்வெழுத்தும் ஒரு நூலே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒற்றை வரி நூல். ஆசிரியர் பெயர் தெரியாத நூல். நம்மைச் சோதிக்கிற அதை யாராவது சோதிக்க வேண்டாமா?

முதலில் குன்றக்கூறல். ‘தவறான உள்ளீடு.’ நூல் முடிந்தது. எந்தக் கட்டம், என்ன தவறு, எப்படித் திருத்துவது ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லை. திரை வடிவமைப்புக்கு ஜேக்கப் நீல்சன் 1994இல் ஒழுங்குபடுத்திய பத்து நெறிகளில் ஒன்பதாவது இதைத்தான் பேசுகிறது: பிழையை எளிய சொல்லில் சொல், காரணம் காட்டு, வழி சொல். (பத்து என்ற எண்ணில் எந்நாட்டு இலக்கணக்காரருக்கும் ஒரு மோகம்.) 11 முறை வந்தது ‘தவறான உள்ளீடு’ என்ற இந்த வரிதான். மையத்தை நடத்தும் அம்மையார் அதைக் கண்டு கலங்கவில்லை.

“இன்வேலிட்னு வந்தா முதல்ல மொபைல் நம்பர்ல ஸ்பேஸ் இருக்கான்னு பாப்பேன் சார். இல்லைன்னா பின்கோடு. அதுவும் இல்லைன்னா ரெஃப்ரெஷ்.”

“ரெஃப்ரெஷ் பண்ணா எல்லாம் போயிடுமே மா?”

“போயிடும் சார்.”

நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியம் இது. நோயாளி வாய் திறந்து சொல்லாததால் வந்தது. எண்ணுக்கு முன்னும் பின்னும் விழுந்த இடைவெளியை ஜாங்கோ தானே நீக்கிவிடும். நடுவில் விழுந்ததை நீக்காது. அதையும் நீக்க நிரலாளருக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை அவர் எழுதாததால் அம்மையார் நாள்தோறும் எத்தனை எண்களை உற்றுப் பார்க்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது.

மிகைபடக்கூறலுக்குக் கடவுச்சொல்லே சான்று. பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, பழையதாக இருக்கக் கூடாது, பெயர் வரக் கூடாது. இந்த மரபின் ஊற்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஓர் ஆவணம். அதை எழுதிய பில் பர், 2017இல் தாம் சொன்னதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகத் தெரிவித்தார். அதே ஆண்டு அந்நிறுவனமும், குறைந்தது எட்டு எழுத்து இருக்கட்டும், கலவை விதிகள் வேண்டாம் என்று மாற்றிச் சொன்னது. ஆசிரியரே கைவிட்ட சூத்திரத்துக்கு நம் தளங்கள் இன்னும் உரை எழுதிக்கொண்டிருக்கின்றன. (இந்தப் பத்தி ‘மற்றொன்று விரித்தல்’ என்னும் குற்றத்தின்பாற்படும் என்பதை ஆய்வாளர் அறிவார்.)

மாறுகொளக் கூறல் நுட்பமானது, கண்ணுக்குத் தெரியாதது. ஜாங்கோவில் வழக்கமான முறைப்படி எழுதினால், பிழையோடு படிவம் திரும்பி வரும்போது சர்வர் உலாவியிடம் சொல்லும் எண் 200. எல்லாம் நலம் என்று அதற்குப் பொருள். உலாவிக்கு நலம், நமக்குச் சிவப்பு. வாசலில் நிற்பவனிடம் ‘வாங்க வாங்க’ என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவது போல. ரெயில்ஸ்காரர்கள் 2021இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இத்தகைய இடத்தில் 422 என்ற எண்ணைத் தருகிறார்கள்: வந்தது புரிகிறது, ஏற்க இயலாது. அந்த அளவில் அவர்கள் நாணயமானவர்கள்.

வழூஉச்சொற் புணர்த்தல் என்னும் குற்றத்தைத் தமிழர்தான் முழுமையாக அனுபவிக்க முடியும். சட்டகங்கள் பலவும் கட்டத்தின் பெயரை ஓரிடத்திலும் குறையை ஓரிடத்திலும் வைத்திருந்து ஒட்டிவிடும். ரெயில்ஸ் செய்வது அதுவே: பெயர், ஓர் இடைவெளி, பிறகு குறை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எழுவாயாக நின்றுகொள்வதால் ஒட்டு தெரிவதில்லை. தமிழில் மொழிபெயர்ப்பவர் ‘ஐ உள்ளிடவும்’ என்பதைப் பின்னொட்டாக வைத்துவிடுகிறார். விளைவு, ‘மாவட்டம் ஐ உள்ளிடவும்.’ மாவட்டம் என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்கும்போது மாவட்டத்தை என்றாகும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சட்டகத்துக்கு அத்துச் சாரியை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ‘மாவட்டம் காலியாக உள்ளது’ என்று எழுவாயாகவே விட்டிருந்தால் வேற்றுமைக்கே வேலையில்லை. ஜாங்கோவின் இயல்புச்செய்தி கட்டத்தின் பெயரையே சொல்லாமல், கட்டத்துக்கு அருகில் நின்று ‘இது’ என்று சுட்டிவிடுகிறது. சுட்டெழுத்தின் ஆற்றலை அறிந்தவர் யாரோ அங்கே இருந்திருக்கிறார்.

அப்படிப் புகழ்ந்துவிட்டு அடுத்ததற்கு வருவது சங்கடமாக இருக்கிறது. ஆயினும் ஆய்வு நெறி அதைக் கேட்கிறது.

ஜாங்கோவோடு ஆயத்தமாக வரும் பயனர் கணக்கில், பயனர்பெயராகச் ‘சரவணன்’ என்று தமிழில் தட்டுங்கள். ஏற்காது. ‘சரவண’ என்று தட்டுங்கள். ஏற்கும். காரணம் இது. பெயரில் எழுத்து, எண் ஆகியவற்றோடு @ . + - _ என்ற ஐந்து குறிகளும் வரலாம் என்பது விதி. எது எழுத்து என்று தீர்மானிப்பது பைத்தான் மொழி. யூனிகோடில் ச, ர, வ, ண, ன எல்லாம் எழுத்து. ஆனால் மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும், உயிர்மெய்யில் வரும் கால், கொம்பு, சுழி எல்லாமும் ‘சேர்குறி’ என்ற வேறு சாதி. பைத்தான் கணக்கில் அவை எழுத்து அல்ல. நமக்கு ஐந்தெழுத்தான சரவணன், பொறிக்கு ஆறு; அந்த ஆறாவது, தலையில் இருக்கும் புள்ளி, அனுமதி இல்லாதது.

இதன் விளைவைப் படிப்பவர் நின்று சிந்திக்க வேண்டுகிறேன். தொல்காப்பியம் தன் முதல் அதிகாரத்தையே எழுத்துக்கு ஒதுக்கியது. அதில் மெய் பதினெட்டு. அந்தப் பதினெட்டும் பொறியின் வாசலில் எழுத்து இல்லை. @ என்பது எழுத்தாகாவிட்டாலும் பெயரில் வரலாம். ன் வரக் கூடாது. ‘பரத’ என்று ஒருவர் நுழையலாம். ‘பரதன்’ நுழைய முடியாது. உயிராலும் அகரமேறிய மெய்களாலும் மட்டும் ஆன பெயர் உடையவர்கள் என ஒரு தனிக் குலம் இதனால் உருவாகிறது. இதற்குப் பொறி தரும் செவ்வெழுத்து என்ன தெரியுமா? எழுத்து, எண், இன்ன குறிகள் மட்டுமே இருக்கலாம் என்பதுதான். நாம் எழுத்தைத்தானே தந்தோம் என்று திரும்பத் திரும்பப் பார்ப்போம். மயங்கவைத்தல் என்று முனிவர் பெயரிட்டது இதையே என்பது ஒருதலை.

நேரம் கருதி இரண்டை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சென்றுதேய்ந்து இறுதல்: திரையின் ஓரத்தில் எழும்பி, நான்கு விநாடி நின்று, மறையும் செய்தி. ரொட்டி சுடும் கருவியிலிருந்து துள்ளுவது போல எழுவதால் அதற்கு டோஸ்ட் என்று பெயர். அம்மையார் தலைமேல் ஏற்றியிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குவதற்குள் அது ஆறிவிட்டது. நின்று பயனின்மை: கட்டத்தைச் சரியாகத் திருத்திய பின்னும் போகாமல் அங்கேயே நிற்கும் சிவப்பு. ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் ஓடுகிறது. மற்றது ஓட வேண்டிய இடத்தில் நிற்கிறது.

பார்வையற்றவர்க்கு இவை எப்படி எட்டுகின்றன என்ற கேள்விக்கு ஒரே ஒரு தரவு தருகிறேன். பிழையான கட்டத்தில் போய் நிற்பவரிடம், அந்தக் கட்டம்தான் பிழை என்று திரைவாசிப்பான் சொல்ல உதவும் குறியை ஜாங்கோ தானாகச் சேர்க்கத் தொடங்கியது 5.0 பதிப்பில். அது வந்தது 2023 டிசம்பரில்.

மாற்றுத் தரப்பையும் கேட்பது ஆய்வு மரபு. சென்னையில் நிரலெழுதும் என் மருமகனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“மாமா, அதெல்லாம் டீஃபால்ட் மெசேஜ். ஃபிரேம்வொர்க்கே குடுத்துடும். நாங்க தொடறதில்ல.”

“மாத்த முடியாதா?”

“முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பிழைக்கு என்ன மெசேஜ்னு நாமளே குடுக்கலாம். கடைசி நாள்ல யாரு மாமா அத உக்காந்து எழுதுவா?”

அவன் பொய் சொல்லும் பிள்ளை அல்லன். நூற்பா எழுத இடம் உண்டு, ஏடும் உண்டு, எழுத்தாணியும் உண்டு. புலவருக்குத்தான் நேரமில்லை என்பது இதனால் பெறப்படும்.

எஞ்சியது என் கதை. முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டும் கட்டாயம் என்றது படிவம். எனக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். 2010இல் பேட்ரிக் மெக்கன்சி என்பவர் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் கொண்டிருக்கும் பொய் நம்பிக்கைகள் நாற்பதைப் பட்டியலிட்டார். எல்லோருக்கும் கடைசிப்பெயர் உண்டு என்பதும் அவற்றில் அடக்கம். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கத்தை அச்சிட்டு அந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். நம் படிவம் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. இனிஷியலை இட்டோம்: குறைந்தது மூன்று எழுத்து. புள்ளி வைத்தோம்: எழுத்து மட்டும்.

“அப்பா பேரப் போட்டுரலாம் சார். எல்லாரும் அதான் போடுறாங்க.”

போட்டோம். அடுத்த பக்கத்தில் தந்தையின் முதற்பெயர், தந்தையின் கடைசிப்பெயர். தாத்தா வந்து சேர்ந்தார். தாத்தாவின் கடைசிப்பெயரைப் படிவம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் குடும்ப வரலாறு அன்றைக்கே எழுதப்பட்டிருக்கும்.

சப்மிட் ஆனபின் கவனித்தேன். அம்மையாரின் விசைப்பலகைக்கு அருகில் அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டு. அதில் பக்கத்துக்கு ஒரு படிவமாக, பச்சை மையில் அவரே எழுதியிருந்தார். ‘அட்ரஸ்: கமா, சாய்கோடு கூடாது. கதவு எண்ணை முதலில் போடவும்.’ ‘போட்டோ: 50 கேபிக்குள். பெரியதாக இருந்தால் எரர் வராது, சும்மா சுத்தும்.’ ‘லாஸ்ட் நேம்: அப்பா பெயர். இனிஷியல் எடுக்காது.’ எந்தக் கட்டம், என்ன தவறு, என்ன செய்ய வேண்டும்: ஒவ்வொரு வரியிலும் மூன்றும் இருந்தன. பத்துக் குற்றங்களையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

நிரலாளர் யாரேனும் அந்தப் பக்கம் வந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். பக்கம் இரண்டு ரூபாய்.