கீழ்செட்டும் நாக்கும்

கேள்வி: முழு பல்செட் கட்டி மூன்று வாரமாகிறது. மேல்செட் சமர்த்தாக இருக்கிறது, கீழ்செட்தான் ஆடுகிறது. ‘பழகிவிடும்’ என்கிறார் டாக்டர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். மேல்செட்டுக்கு அகலமான அண்ணம் இருக்கிறது; இடையில் உள்ள உமிழ்நீர்ப் படலம் அதை இழுத்துப் பிடிக்கிறது. கீழ்செட்டுக்குக் கிடைப்பதோ லாட வடிவில் ஒரு குறுகிய வரப்பு, நடுவே ஓயாத நாக்கு. அந்த நாக்கையே காவலுக்கு வைக்க வாய் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இட்லி, குழைந்த சோறு, சின்னச் சின்ன வாயாக. உணவை இரு பக்கமும் பிரித்து மெல்லுங்கள். முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் எழும்பும். செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள், பேச்சு படியும்.

‘பசை தடவினால் தீர்ந்ததே’ என்பீர்கள். சரியாகப் பொருந்திய செட்டுக்குப் பசை துணை. பொருந்தாததற்கு அது வெறும் மூடுதிரை. பல் போன தாடை எலும்பு தேய்ந்துகொண்டே இருக்கும், கீழ்த்தாடை இன்னும் வேகமாக; அதனால் செட்டின் பொருத்தமும் தளரும். புண்ணும் வலியும் பழகிக்கொள்ள வேண்டியவை அல்ல. செட்டைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (செயற்கை வேர்) வைத்து அதன்மேல் செட் பொருத்துவதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். செலவு அதிகம்தான், ஆனாலும் உங்கள் பொறுமையின்மேல் பழி போடுவதற்கு முன் டாக்டர் அதையும் சொல்லியிருக்க வேண்டும்.